மதவடிப் பெட்டிசம்

என்ரை மனுசனுக்கு மேலை பெட்டிசம் போட்டது நான்தான். குழாயடியிலை ஆளுக்கொரு விதமாக் கதைக்கினம். ஒருத்தி வீரகத்தி அண்ணைதான் போட்டவராம் எண்டு பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுறாள். மற்றவள் ஏதோ கட்சி வேலையாம் எண்டுறாள். ஒருத்தரும் மினைக்கெட வேண்டாம். சங்கிலியின்ரை பெண்சாதி சிவலட்சுமி, பேர் போடாமல், கையெழுத்து வைக்காமல், முத்திரை ஒட்டி மூண்டு அரசாங்கக் கந்தோருக்கு மூண்டு கடிதம் அனுப்பினனான். ஏன் அனுப்பினனான் எண்டதையும் நானே சொல்லிப்போடுறன். பிறகு அதுக்குக் கண் காது மூக்கு வைச்சுக் கதைக்காதேங்கோ.

சங்கிலிக்குக் கிட்னி ரெண்டும் பழுது. எங்கட பக்கத்திலை இது புது வருத்தமில்லை, எங்கட ஒழுங்கையிலை மட்டும் மூண்டு பேர். கொஞ்சக் காலம் மருந்திலை ஓடிச்சுது, பிறகு மெசினுக்குப் போட்டிட்டினம். செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆசுப்பத்திரியிலை நாலு மணித்தியாலம் படுக்கவைச்சு இரத்தத்தைக் கழுவி விடுவினம். அதுக்கு ஊசி குத்துறதுக்கெண்டு இடக்கையிலை நரம்பை வெட்டி ஒட்டி வைச்சிருக்கினம். அந்தக் கையாலை பாரம் தூக்கக்கூடாது, அந்தக் கையிலை பிரசர் பாக்கக்கூடாது, அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கவும் கூடாது. பிறந்த பிள்ளையைப் பாக்கிற மாதிரித்தான் நாங்கள் அந்தக் கையைப் பாக்கிறது.

போய் வாறது ரூபன்ரை ஓட்டோவிலை. முந்தி படலையடியிலை வந்து நிப்பான். புளியங்குளச் சந்தியாலை வந்து பெரிய றோட்டிலை இருந்து எங்கட ஒழுங்கைக்குள்ளை இறங்கினால் நூறு யாரிலை ஒரு வாய்க்கால் குறுக்காலை போகுது. அதுக்கு மேலை சனம் கடக்க ஒரு மதவு இருந்தது. போன கார்த்திகையிலை மண் ஏத்தின ரிப்பர் லொறி ஒண்டு அதிலை ஏறி இறங்கிச்சுது. இறங்கேக்கை மதவும் சேர்ந்து இறங்கிப்போச்சு. மிச்சத்தை வெள்ளம் கொண்டுபோட்டுது. இப்ப ஒரு கரையிலை சைக்கிள் உருட்டுற அளவுக்கு ஒரு விளிம்பு மட்டும்தான். ஓட்டோ அங்காலை நிக்கும். இஞ்சாலை மதவிலை இருந்து எங்கட வீடு முக்கால் மைல்.

போகேக்கை மனுசன் நடப்பார். வரேக்கைதான் வில்லங்கம். மெசினாலை இறங்கினவருக்குக் கால் நிலத்திலை பாவாது. நான் அவரைச் சைக்கிள் கரியரிலை இருத்தி, ஒரு கையாலை சைக்கிளையும் மற்றக் கையாலை ஆளையும் பிடிச்சுக்கொண்டு தள்ளிக்கொண்டு வருவன். சித்திரையிலை ஒருநாள் அந்த விளிம்பிலை சில்லுச் சறுக்கி ரெண்டு பேரும் வாய்க்காலுக்குள்ளை. எனக்கு முழங்கால் உரஞ்சினதோடை போச்சு. அவருக்கு அந்த இடக்கை கல்லிலை அடிபட்டுக் கண்டிப்போச்சு. அடுத்தமுறை போனபோது நேர்ஸ் பிள்ளை கையைத் தடவிப் பாத்துப்போட்டு என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னா.

"அம்மா, இந்தக் கை பழுதாப்போனால் ஊசி குத்த வேறை நல்ல இடம் இல்லை. இன்னொருக்கா விழவிடாதேங்கோ."

நான் வெளியிலை வந்து வாங்கிலிலை இருந்து அழுதன். என்ன செய்யிறது, பயம். அந்தக் கை போனால் மனுசன் போச்சு, இவ்வளவுதான் கணக்கு.

கந்தோர் கந்தோரா அலையிறதை நான் அதுக்கு முதலே தொடங்கீட்டன். மூண்டு கந்தோர். சபை, தண்ணிக் கந்தோர், றோட்டுக் கந்தோர். முழுப்பேர் சொல்லமாட்டன், சொன்னால் இன்னும் மூண்டு கடிதம் வீட்டுக்கு வரும். சின்ன ஒழுங்கையள் சபைக்கு, நம்பர் போட்ட றோட்டுகள் றோட்டுக் கந்தோருக்கு, குளமும் வாய்க்காலும் தண்ணிக் கந்தோருக்கு. இதைக் கேக்க எவ்வளவு லேசாயிருக்கு, என்ன? ஒழுங்கையும் வாய்க்காலும் ஒண்டுக்கு மேலை ஒண்டு போற இடத்திலை வீடு கட்டிப் பாருங்கோ, பிறகு தெரியும்.

முதலிலை சபைக்குப் போனன். முத்துலிங்கம் எண்டொரு கிளாக்கர் கடிதத்தை வாசிச்சார். வாயாலை சொல்லேக்கை மதவு எண்டுதானே சொல்லுறது, கடிதமெண்டபடியால் 'மதகு உடைந்துவிட்டது' எண்டு நல்ல தமிழிலை எழுதியிருந்தன். அந்த நல்ல தமிழிலைதான் மனுசன் என்னைப் பிடிச்சார். மதகெண்டால் வாய்க்காலிலை தண்ணி விடுற சாமான், அது தண்ணிக் கந்தோருக்குரியது, அங்கை குடுங்கோ எண்டார். தண்ணிக் கந்தோரிலை இருந்த ஐயா சிரிச்சார். தங்கச்சி, திறந்து பூட்டுறது துருசு, அதுதான் எங்கட, உங்கட சாமான் பூட்டுமோ எண்டு கேட்டார். பூட்டாது எண்டன். மேலாலை சனம் போறதெண்டால் அது றோட்டுக்காரற்றை எண்டு அனுப்பிப்போட்டார். றோட்டுக் கந்தோரிலை றோட்டு நம்பரைக் கேட்டினம். எங்கட ஒழுங்கையிலை வீடுகளுக்கே நம்பர் இல்லை, றோட்டுக்கு எங்காலை நம்பர்? நம்பர் இல்லாட்டில் சபை எண்டிட்டினம்.

திரும்பச் சபை. இந்தமுறை முத்துலிங்கத்தார் நீள அகலமெல்லாம் கேட்டுப்போட்டு, இவ்வளவு பெரிசை மதகெண்டு சொல்லேலாது, இது பாலம், பாலம் கட்டச் சபைக்குப் பலமில்லை எண்டார். தான் சொன்ன பகிடிக்குத் தானே சிரிச்சார். நான் அந்தக் கடிதத்திலை மதகை வெட்டிப்போட்டுப் பாலமெண்டு எழுதிக்கொண்டு றோட்டுக் கந்தோருக்குப் போனால், நம்பரில்லாத றோட்டிலை பாலம் எப்பிடியம்மா வரும் எண்டு என்னையே கேக்கினம். எனக்கு விசர் வந்திட்டுது. கடைசியா எழுதின கடிதத்திலை, 'எமது ஒழுங்கையில் உள்ள மதகு அல்லது பாலம் அல்லது துருசு, எதுவாயினும் அது உடைந்துவிட்டது' எண்டு எழுதினன். முத்துலிங்கத்தார் அதை ரெண்டுதரம் வாசிச்சார். "அக்கா, முதலிலை ஏதேனும் ஒண்டை முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டார்.

பதினொரு மாசம் போச்சு. ஐப்பசி பிறந்திட்டுது. இன்னொரு மழைக்கு அந்த விளிம்பும் போயிடும். பிறகு சங்கிலியை நான் எப்பிடிக் கொண்டுபோறது, நீந்தியோ?

அந்த நேரத்திலைதான் ராஜினியின்ரை மாட்டுக்கொட்டில் பிரச்சினை வந்தது. ராஜினி எனக்குப் பக்கத்து வளவு. அவளின்ரை கொட்டில் ஒழுங்கைப் பக்கம் ரெண்டடி தள்ளிக் கிடந்தது. எங்கட வீரகத்தி அண்ணை தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்த மனுசன். எந்தக் கந்தோருக்கு என்ன விலாசமெண்டு அந்தாளுக்குத் தலைகீழாத் தெரியும். பொழுதுபோகாட்டில் ஆருக்கேனும் மேலை ஒரு பெட்டிசம் போட்டிடுவார். பேர் இராது, கடைசியிலை 'பொதுநலன் விரும்பி' எண்டு மட்டும் இருக்கும். ஆனால் ஆர் போட்டதெண்டு எல்லாருக்கும் தெரியும். கொட்டிலுக்கு ஒண்டு போட்டார். மூண்டாம் நாள் சபையிலை இருந்து அளக்கிற ரேப்போடை ஆக்கள் வந்திறங்கீட்டினம். பதினொரு மாசம் நான் கூப்பிட்டு வராத ஆக்கள்! ரேப் பிடிச்சவன் ராஜினிக்குச் சொன்னான், அக்கா இந்த ஒழுங்கை வேலிக்கு வேலி சபையின்ரை, ஒரு சாண் விடமாட்டம் எண்டு.

நான் வேலியாலை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனான். அப்ப, உடைஞ்சால் ஒருத்தற்றையும் இல்லை, பிடிச்சால் அவையின்ரை! அண்டைக்குப் பின்னேரமே ராஜினியிட்டை நாலு காட்டுத்தடியும் பழைய கிடுகும் வாங்கிக்கொண்டு வந்து, மதவின்ரை இஞ்சாலைப் பக்கம் ஒழுங்கையிலை முக்கால்வாசியை அடைச்சு ஒரு கொட்டில் போட்டன். ஒரு வாங்கிலும் போட்டன். மனுசனுக்குச் சொன்னது, நான் சைக்கிள் எடுத்துக்கொண்டு வருமட்டும் நீங்கள் நிழலிலை இருக்கலாமெண்டு. பொய்யுமில்லை. பிறகு குசினிக்குள்ளை இருந்து பெட்டிசத்தை எழுதினன். வீரகத்தி அண்ணையின்ரை பெட்டிசங்களை ஊரிலை வாசிக்காத ஆக்கள் இல்லை, அந்த நடை எனக்கும் வரும்.

'ஐயா, மேற்படி சங்கிலி என்பவர் இப்பகுதியில் மிகவும் செல்வாக்கு மிக்கவர். அரசியல் பின்பலம் உள்ளவர். அரச காணியை ஆக்கிரமித்து நிரந்தரக் கடை அமைத்து மக்களின் போக்குவரத்துக்குப் பெரும் இடையூரு விளைவிக்கிறார். இவருக்குப் பயந்து ஊர்மக்கள் வாய் திறப்பதில்லை.'

நாப்பத்தெட்டுக் கிலோ மனுசன். அவருக்குப் பயப்பிடுற ஒரு சீவன் எங்கட கோழி மட்டும்தான், அதுவும் சந்தேகம். எழுதேக்கை எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. ஒட்டி அனுப்பிப்போட்டுப் பேசாமல் இருந்தன்.

சங்கிலிக்குக் கொட்டில் நல்லாப் பிடிச்சுப்போச்சு. மெசினுக்குப் போகாத நாளிலையும் பையப் பைய நடந்துபோய் அதுக்குள்ளை இருந்து போறவாற சனத்தோடை கதைப்பார். தேத்தண்ணிக் கடையெண்டு நினைச்சு ஒருத்தன் பிளேன்ரீ கேட்டானாம், நாளைக்கு வா எண்டாராம்.

வெள்ளிக்கிழமை நாலு மணி இருக்கும். ஓட்டோவாலை இறக்கிக் கொண்டுவந்து மனுசனை வாங்கிலிலை படுக்க விட்டிருக்கிறன். மூண்டு கந்தோரும் ஒண்டாய் வந்து சேந்துது. சபையிலை இருந்து பிரியந்தினி எண்டொரு பிள்ளை, மோட்டார்சைக்கிளிலை. புதுசா வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். தண்ணிக் கந்தோரிலை இருந்து அந்தத் துருசு ஐயா. றோட்டுக் கந்தோரிலை இருந்து ஒரு ஜீப். படுத்திருந்த சங்கிலி எழும்பப் பாத்தார், ஏலாமல் போச்சு.

"நெழலுக்குத்தாங்க படுத்திருக்கேன்" எண்டார். எட்டு வயசிலை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலை இருந்து வந்தவர், அந்தத் தமிழ் இன்னும் அவரை விட்டுப் போகேல்லை.

அவரை ஆர் கேட்டது? மூண்டு பேரும் தங்களுக்குள்ளை தொடங்கீட்டினம். இது சபை ஒழுங்கை, நோட்டீஸ் நாங்கள்தான் குடுக்கோணும் எண்டு பிரியந்தினி. வாய்க்கால் ஒதுக்கிலை தடி நட்டிருக்கு, வழக்குப் போடுற உரிமை எங்களுக்குத்தான் எண்டு துருசு ஐயா. பெரிய றோட்டிலை இருந்து இத்தினை அடி எங்கட, கொட்டில் அதுக்குள்ளை வருது எண்டு ஜீப்காரர். ரேப்பை எடுத்து ஆளாளுக்கு அளந்தினம். அளக்கேக்கை ஜீப்காரர் பின்பக்கமா நடந்துபோய் அந்த உடைஞ்ச மதவுக்குள்ளை ஒரு காலை விட்டிட்டார். தூக்கி விட்டது நான். கவனம் ஐயா, அது ஒருத்தற்றையும் இல்லை எண்டு சொல்லித்தான் தூக்கிவிட்டனான். பதினொரு மாசமாய் அநாதையாய்க் கிடந்த மதவுக்கு அண்டைக்கு ஒரே நேரத்திலை மூண்டு தேப்பன்மார்.

போகேக்கை மூண்டு பேரும் மூண்டு நோட்டீஸ் எழுதித் தந்தினம். மூண்டிலையும் 'எமக்குச் சொந்தமான' எண்டு கிடந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்து போச்சு. சட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு வீட்டை வந்தன்.

ஆனால் நான் ஒண்டை யோசிக்கேல்லை. அதைச் சொல்ல எனக்கு இப்பவும் வெக்கம்தான்.

துருசு ஐயா தன்ரை பெட்டிசப் பிரதியை வாங்கிலிலை மறந்துபோட்டுப் போட்டார். சங்கிலி அதைச் சேட்டுப் பைக்குள்ளை வைச்சிருந்திருக்கிறார். அவருக்கு வாசிக்க வராது. அரச காணியைப் பிடிச்சவரெண்டு ஜீப்காரர் சொன்னதுதான் காதிலை விழுந்திருக்கு. அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை. எழுபத்தேழுக் கலவரத்திலை தேப்பன் தாயோடை வந்தவர். எத்தினை பேற்றை வளவிலை குடிலைப் போட்டு, எழுப்ப எழுப்ப எழும்பி, வந்தான் வரத்தான் எண்டு கேட்டுக் கேட்டு, சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகுதான் அரை ஏக்கருக்கு ஒரு காணிப் பேமிற் கிடைச்சது. வேலி போடேக்கை ரெண்டு பக்கமும் அரை அடி உள்ளுக்குத் தள்ளித்தான் கதியால் நட்டவர், ஒருத்தனும் ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு. அந்த மனுசனைத்தான் நான் காணிக் கள்ளனாக்கிப்போட்டன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்சுபோச்சு.

சனிக்கிழமை வீரகத்தி அண்ணை வீட்டை போய் நிண்டிருக்கிறார். உங்களுக்கு நா என்னா பாவம் செஞ்சேன் எண்டு கேட்டிருக்கிறார். வீரகத்தி அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பெட்டிசத்தை ஒருக்கா மனசுக்குள்ளை வாசிச்சுப்போட்டு, அவமானப்பட்டுப் போனாராம். நடை என்ரை மாதிரித்தான் இருக்கு, ஆனால் இடையூறுக்குச் சின்ன ரு போட்டிருக்கு, நாப்பது வருசமாப் பெட்டிசம் எழுதுறன், ஒரு எழுத்துப்பிழை காட்டு பாப்பம் எண்டு சங்கிலியோடை சண்டைக்கு வந்திட்டாராம். எழுதின ஆளைப் பிடிச்சால் தன்னட்டைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவராம். தண்டிக்க இல்லை, தமிழ் படிப்பிக்க.

திங்கள் காலமை மூண்டு நோட்டீசையும் கொண்டு நான் சபைக்குப் போனன். முத்துலிங்கத்தாரைக் கடந்து நேரே பிரியந்தினியின்ரை மேசைக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன். இது உங்கட எண்டு நீங்களே எழுதித் தந்திருக்கிறியள், நான் கொட்டிலைக் கழட்டுறன், நீங்கள் உங்கட மதவைக் கட்டுங்கோ எண்டன். அந்தப் பிள்ளை ஒரு கோப்பை எடுத்தா. என்ரை பழைய கடிதங்கள் எல்லாம் அதுக்குள்ளை கிடந்துது. ஒண்டை எடுத்துப் பெட்டிசத்துக்குப் பக்கத்திலை வைச்சா. 'இடையூரு' எண்டு ரெண்டிலையும் ஒரே எழுத்து, ஒரே பிழை.

"அக்கா, இது ஆர் எழுதினது?"

"பொதுநலன் விரும்பி."

பிள்ளை என்னை நிமிந்து பாத்தா. என்ரை வாய் வீரமெல்லாம் அதோடை போச்சு. பொய் முறைப்பாட்டுக்குப் பொலிசுக்குக் குடுத்தால் என்ன செய்யிறது? நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். கிட்னி, மெசின், இடக்கை, வாய்க்காலுக்குள்ளை விழுந்தது, நேர்ஸ் பிள்ளை சொன்னது. சொல்லேக்கை அழக்கூடாதெண்டு நினைச்சனான், அழுதிட்டன். பிரியந்தினி பேனையின்ரை மூடியைத் திறக்கிறதும் பூட்டுறதுமா இருந்தா. பிறகு மெல்லமாச் சொன்னா.

"கொட்டிலைக் கழட்டிப்போடாதேங்கோ. கழட்டினால் ஆக்கிரமிப்பு நீங்கிற்று எண்டு கோப்பை மூடிப்போடுவினம். கொட்டில் நிண்டால்தான் வேலை நடக்கும்."

எனக்குப் பெரிய ஆள் எண்ட நினைப்பு இருந்தது. இந்தப் பிள்ளை கெட்டித்தனத்திலை என்னையே வித்துப்போடுவா. எனக்கு முன்னாலையே மற்ற ரெண்டு கந்தோருக்கும் கடிதம் எழுதினா. மேற்படி இடம் உங்களுடையதாயின் பதினாலு நாளுக்குள் திருத்தவும், இல்லையாயின் இல்லையென அறியத்தரவும். மதகெண்டும் போடேல்லை, பாலமெண்டும் போடேல்லை, துருசெண்டும் போடேல்லை. 'மேற்படி அமைப்பு' எண்டு போட்டா. திருத்தச் சொன்ன உடனை ரெண்டு கந்தோரும் கையைக் கழுவிப்போடும், எழுத்திலை தங்கட இல்லையெண்டு தந்திடும், பிறகு மிஞ்சுறது சபை மட்டும்தான் எண்டு சொன்னா. ஒரு கிழமைக்குள்ளை அச்சொட்டா அப்பிடியே நடந்தது, அது பிறகு.

நான் அண்டைக்குச் சந்தோசமாச் சைக்கிளை உழக்கிக்கொண்டு வாறன், மதவடியிலை சங்கிலி கொட்டிலைக் கழட்டுறார். கிடுகெல்லாம் கீழை கிடக்குது. ஒரு தடியைப் பிடிச்சு ஆட்டுறார். அந்த இடக்கையாலை! சைக்கிளைப் போட்டிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன்.

"விடு புள்ள. எவனோ என்னைய காணிக் கள்ளன்னு எழுதிப்புட்டான். இது நிக்கக்கூடாது."

"எவனோ இல்லை. நான்தான் எழுதினனான்."

தடியை விட்டிட்டார். வாங்கிலிலை போய் இருந்தார். நானும் நிலத்திலை இருந்து எல்லாத்தையும் சொன்னன், பிரியந்தினி சொன்னது வரைக்கும். ஏசுவார் எண்டு பாத்தன், ஏசேல்லை. அடிச்சால்கூடப் பரவாயில்லை எண்டிருந்தது. அந்த மனுசன் என்னை ஒருநாளும் அடிச்சதுமில்லை. வாய்க்காலைப் பாத்துக்கொண்டே இருந்தார். பிறகு சேட்டுப் பையாலை அந்தக் கடுதாசியை எடுத்து என்ரை கையிலை தந்தார்.

"என்னா எழுதியிருக்குன்னு வாசி."

வாசிச்சன். முதல் வரியிலையே கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"என்னா மிக்கவர்?"

"செல்வாக்கு மிக்கவர்."

"நானா?"

"ஓம். அரசியல் பின்பலமும் இருக்காம். சனம் உங்களுக்குப் பயத்திலை வாய் திறக்கிறேல்லையாம்."

பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கோ! சிரிச்சு, இருமி, கண்ணாலை தண்ணி வந்து, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். எனக்குப் பயம் வந்திட்டுது. திருப்பி வாசி எண்டார். நாலுதரம் வாசிச்சன். ஐம்பது வருசமாச் சங்கிலின்னு எவ்வளவு கடுதாசில எழுதியிருப்பானுங்க, கூலின்னு எழுதியிருக்கான், அகதின்னு எழுதியிருக்கான், நோயாளின்னு எழுதியிருக்கான், இப்படி ஒரு பய எழுதலியே புள்ள எண்டார். நான் கிடுகைப் பொறுக்கினன். பிறகு ரெண்டு பேருமாக் கொட்டிலைத் திருப்பிக் கட்டினம். அவர் வலக்கையாலை மட்டும் பிடிச்சார்.

வேலை ஐப்பசி கடைசியிலை தொடங்கிச்சுது. 'ஆக்கிரமிப்பை அகற்றி மேற்படி அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்' எண்டு உத்தரவு. ஆக்கிரமிப்பை அகற்ற நாலு பேர் வந்திறங்கினவை. செல்வாக்கு மிக்கவர் எதிர்ப்பாரெண்டு பயந்து கூடுதலா ஆள் அனுப்பினவையாம். சங்கிலி அவைக்குப் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தார். கொங்கிறீற் குழாய் ரெண்டை இறக்கி, மேலை தட்டுப் போட்டு, ரெண்டு பக்கமும் கல்லடுக்கி, முதல் பெருமழைக்கு நாலு நாளைக்கு முன்னம் முடிச்சுப்போட்டினம். வீரகத்தி அண்ணை வந்து பாத்திட்டு, வேலையிலை பிழை கண்டுபிடிச்சுக்கொண்டு போனவர், இனி அதுக்கொரு பெட்டிசம் வரும்.

செவ்வாய்க்கிழமை விடியத் தூறல். ஆறு மணிக்கு ரூபன் படலையடியிலை வந்து கோண் அடிச்சான். ஒரு வருசத்துக்குப் பிறகு எங்கட படலையிலை அந்தச் சத்தம். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுறன். மனுசன் வெள்ளைச் சேட்டைப் போட்டு, தலையை இழுத்து, அஞ்சு மணியிலை இருந்து வெளிக்கிட்டபடி கதிரையிலை இருக்கிறார். எழும்புறார் இல்லை.

"வாங்கோவன், அவன் நிக்கிறான்."

"இன்னொருக்கா அடிக்கட்டும் புள்ள. ஒரு கோணுக்கு ஓடிப்போறதுக்கு நா என்னா சாதாரண ஆளா?"

ரூபன் இன்னும் ரெண்டுதரம் அடிச்சான். ராஜினி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தாள். அதுக்குப் பிறகுதான் எழும்பினார். இடக்கையை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு, சேறு படாமல், நாலே நாலு எட்டு நடந்து ஓட்டோவுக்குள்ளை ஏறி இருந்தார். நானும் பக்கத்திலை ஏறினன். மதவைத் தாண்டேக்கை ரூபனை மெல்லப் போகச் சொன்னார். தலையை வெளியிலை நீட்டிக் கீழை ஓடுற தண்ணியைப் பாத்தார். பிறகு என்ரை பக்கம் திரும்பி, ரூபனுக்குக் கேளாமல், பகிடியுமில்லாமல் சொன்னார்.

"லெச்சுமி, நா கண்ண மூடினப்புறம் நோட்டீஸ் அடிப்பீங்கள்ல. அதுல எம்பேருக்கு முன்னுக்கு அதப் போடு. செல்வாக்கு மிக்கவர்ன்னு."

எனக்கு வாயிலை ஏச்சு வந்தது. விடியக் காலமை என்ன கதை இது எண்டு கேக்கத்தான் வாயைத் திறந்தனான்.

"போடுறன்" எண்டன். "ர சின்னனோ பெரிசோ எண்டு வீரகத்தி அண்ணையிட்டைக் கேட்டு, பிழையில்லாமல் போடுறன். அதுக்கு முதல் இண்டைக்குப் போய் நாலு மணித்தியாலம் ஒழுங்காப் படுங்கோ."

தலையை ஆட்டினார். ஓட்டோ பெரிய றோட்டிலை ஏறிச்சுது.